முதுமையும் கல்வியும்: மூன்றாம் பருவப் பல்கலைக்கழகத்தின் வரலாறு

முன்னுரை

நம் இலக்கிய வட்டம் தொடங்கிப் பத்தாண்டுகள் நிறைவுறுகின்றன. இப்பத்தாண்டுகளில் நம் கூட்டங்களில் ஒரு வழக்கம் மாறாது நிலைத்து வந்துள்ளது. முதியவர் ஒருவர் அவைக்குள் நுழைந்தால் எழுந்து வணங்குகிறோம், முன்வரிசையில் அமர்த்துகிறோம், தலைமை ஏற்கச் செய்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். இவை யாவும் நம் பண்பாட்டின் நற்கூறுகளே. ஆயினும் அம்முதியவரை நோக்கி, "ஐயா, தாங்கள் எதைக் கற்க விரும்புகிறீர்கள்?" என்று நாம் ஒருநாளும் வினவியதில்லை. முதுமை என்பது கற்று முடித்தாரது நிலை என்று நாம் சொல்லாமலே முடிவு செய்துவிட்டோம்.

வள்ளுவர் அவ்வாறு முடிவு செய்தவரல்லர். கற்றவனுக்கு எந்நாடும் தன்னாடாகவும் எவ்வூரும் தன்னூராகவும் ஆகும்போது, ஒருவன் தன் இறுதிநாள் வரையிலும் கல்லாது கழிப்பது எதனால் என்று கல்வி அதிகாரத்தின் 397ஆம் குறளில் அவர் வியந்து வினவுகிறார். கல்விக்கு எல்லையாக அவர் வைத்தது பள்ளியிறுதியையும் அன்று, பணி ஓய்வையும் அன்று, வாழ்வின் இறுதியையே.

வள்ளுவர் குறிப்பிட்ட அக்கல்விக்கு ஓர் அமைப்பை உருவாக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் நிகழ்ந்தது. 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' என்பது அதன் பெயர். அது தோன்றிய காரணத்தையும், இரு வேறு வடிவங்களாகப் பிரிந்த முறையையும், அதன்பால் உள்ள குறைகளையும் ஆராய்ந்து, அதனின்று நம் வட்டம் பெறத்தக்கது யாது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதுமை என்னும் புதிய நிலம்

முதியோர் எக்காலத்தும் இருந்திருக்கின்றனர். ஆயினும் ஒரு சமுதாயத்தின் பெரும்பகுதியினர் முதுமையை எய்துவதும், எய்தியபின் பல ஆண்டுகள் நலமுடன் வாழ்வதும் மனித வரலாற்றில் புதியன. செருமனியில் பிஸ்மார்க் 1889இல் கொண்டுவந்த முதியோர் காப்பீட்டுச் சட்டம் 70 வயதை எல்லையாக வைத்தது. பிரிட்டனில் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1909 ஜனவரி முதல் நாளன்று முதியோர் ஓய்வூதியம் நடைமுறைக்கு வந்தது. வயது 70, தொகை வாரத்திற்கு 5 சில்லிங். அந்நாளில் அவ்வயதை எட்டியோர் சிலரே; எட்டியோரும் உழைத்துத் தேய்ந்தவர்களாகவே இருந்தனர். ஆகவே அவ்வுதவி வாழ்வின் கடைசிப் படியில் நிற்பவருக்கு நீட்டப்பட்ட ஊன்றுகோலாகவே கருதப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 50 ஆண்டுகளுக்கும் குறைவு. 1981 அளவில் அது 70ஐக் கடந்துவிட்டது. இவ்வெண்களைக் கொண்டு முற்காலத்தார் அனைவரும் ஐம்பதுக்குள் மாண்டனர் என்று கொள்வது பிழையாகும். குழந்தைகள் பெருமளவில் இறந்ததே சராசரியைக் கீழிழுத்தது. எனினும் இளமையைக் கடந்தவர் பலரும் முதுமையைக் காண்பது என்னும் நிலை பிற்காலத்தில்தான் வாய்த்தது. ஆடவர் 65இலும் மகளிர் 60இலும் ஓய்வூதியம் பெற்றபின் பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகள் அவர்முன் கிடந்தன. அக்காலத்திற்குச் சமுதாயம் ஒரு பெயரும் வைத்திருக்கவில்லை. ஒரு வேலையும் வைத்திருக்கவில்லை.

முன்னோடி முயற்சிகள்

வளர்ந்தோருக்குக் கல்வி என்னும் எண்ணம் அதற்கு முன்னரே வேரூன்றியிருந்தது. லண்டனில் 1823இல் ஜார்ஜ் பிர்க்பெக் முதலானோர் தொழில்வினைஞர்களுக்கெனக் கல்விக்கழகம் ஒன்றைத் தோற்றுவித்தனர். டென்மார்க்கில் கவிஞரும் சமயச் சிந்தனையாளருமான குருந்துவிக்கின் கருத்தைத் தழுவி 1844இல் ரோடிங் என்னுமிடத்தில் முதல் மக்கள் உயர்பள்ளி தொடங்கியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1873இல் தன் விரிவுரைகளை வெளியூர்களுக்குக் கொண்டு சென்றது. 1903இல் ஆல்பர்ட் மேன்ஸ்பிரிட்ஜ் தொழிலாளர் கல்விச் சங்கத்திற்கு வித்திட்டார்.

இவை யாவும் உழைக்கும் வயதினரை மனத்திற்கொண்டு எழுந்தவை. கற்றால் தொழிலில் உயரலாம், நற்குடிமகனாகலாம் என்பதே அவற்றின் வாக்குறுதி. தொழிலும் முடிந்து உயர்வும் தேவைப்படாத ஒருவர் எதன்பொருட்டுக் கற்க வேண்டும் என்னும் வினாவிற்கு அவற்றில் விடையில்லை. இவ்வினாவை நேராக எதிர்கொண்ட முயற்சிகளுள் ஒன்று ஜப்பானில் நிகழ்ந்தது. ஹியோகோ மாநிலத்தின் ககோகவா நகரில் 1969இல் தொடங்கிய 'இனமினோ' கல்விக்கூடம் முதியோருக்கெனவே நான்காண்டுப் பாடத்திட்டத்தை வகுத்தது. ஆயினும் பின்னர் உலகெங்கும் வழங்கிய பெயரைத் தந்த பெருமை பிரான்சு நாட்டிற்குரியது.

துலூஸ் நகரில் பிறந்த பெயர்

தென்பிரான்சின் துலூஸ் நகரில் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டுச் சட்டப் பேராசிரியராக இருந்தவர் பியர் வெல்லாஸ். 1968ஆம் ஆண்டின் மாணவர் எழுச்சிக்குப் பின் பிரான்சில் பல்கலைக்கழகங்கள் தம் கதவுகளைச் சமுதாயத்திற்குத் திறந்துவிட வேண்டும் என்னும் குரல் வலுத்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தொடர்கல்விக்கு வழிவகுத்தது. இச்சூழலில், பல்கலைக்கழகத்தின் கட்டடங்களும் ஆசிரியர்களும் முதியோருக்கும் பயன்படலாகாதா என்று வெல்லாஸ் எண்ணினார். 1973இல் முதல் மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் தோன்றியது.

'மூன்றாம் பருவம்' என்பது பிரெஞ்சு மொழியில் முதுமையைக் குறிக்க வழங்கும் இடக்கரடக்கல் போன்றதொரு சொல். முதுமை என்று நேரே கூறாமல், இளமை, நடுமை ஆகியவற்றை அடுத்து வருவது என்று எண்ணால் சுட்டுவது. நுழைவுத் தேர்வில்லை, பட்டமில்லை. விரிவுரைகளோடு உடற்பயிற்சியும் சுற்றுலாவும் கலைநிகழ்ச்சிகளும் உண்டு. முதியோரின் உடல்நலத்தையும் உளநலத்தையும் காப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கோ முதுமையை அருகிருந்து ஆராயும் வாய்ப்பு.

இவ்வமைப்பு விரைந்து பரவியது. 1975இல் இதற்கெனப் பன்னாட்டுச் சங்கம் உருவாயிற்று. அவ்வாண்டிலேயே போலந்தின் வார்சா நகரில் ஹாலினா ஷ்வார்ட்ஸ் என்னும் மருத்துவர் ஒரு மூன்றாம் பருவப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது செருமானியருக்கு எதிரான உளவுப் பணியில் உயிரைப் பணயம் வைத்த பெண்மணி அவர். போரில் இளமையைத் தொலைத்த ஒரு தலைமுறைக்கு முதுமையிலேனும் கல்வி கிட்ட வேண்டும் என்பதற்கு அவரினும் பொருத்தமான தொடக்குநர் கிடைத்திருக்கமாட்டார்.

கேம்பிரிட்ஜில் நேர்ந்த மாற்றம்

பிரெஞ்சு முறையில் பல்கலைக்கழகம் வழங்குகிறது, முதியோர் பெறுகின்றனர். இவ்வுறவையே மாற்றியமைத்தவர்கள் ஆங்கிலேயர் மூவர்.

முதல்வர் பீட்டர் லாஸ்லெட். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் வரலாற்றறிஞர். போர்க்காலத்தில் ஜப்பானியக் கடற்படையின் மறைமொழிகளை அவிழ்க்கும் பணியில் இருந்தவர். 1964இல் டோனி ரிக்லியுடன் சேர்ந்து மக்கள்தொகை வரலாற்றாய்வுக் குழுவைத் தொடங்கியவர். இரண்டாமவர் மைக்கேல் யங். பிரிட்டனின் தொழிற்கட்சிக்கு 1945ஆம் ஆண்டுத் தேர்தல் அறிக்கையை வரைந்த சமூகவியலறிஞர். திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்னும் கருத்தை 1962இலேயே முன்வைத்தவர். மூன்றாமவர் எரிக் மிட்வின்டர். கல்வியாளர், அக்காலத்தில் முதுமை குறித்த கொள்கை ஆய்வு மையத்தின் இயக்குநர். லாஸ்லெட்டும் யங்கும் 1915இல் பிறந்தவர்கள் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1981இல் இவர்கள் இம்முயற்சியைத் தொடங்கியபோது இருவரும் 66 வயதை ஒட்டியிருந்தனர். பிறருக்காக அன்று, தமக்கும் சேர்த்தே அவர்கள் திட்டமிட்டனர்.

1981 கோடையில் கேம்பிரிட்ஜில் முதற்கூட்டம் நடைபெற்றது. 1982இல் ஈஸ்டர் விடுமுறையில் ஒரு முன்னோட்டப் பள்ளி நடந்தது. மிட்வின்டர் வானொலியில் இதுபற்றி உரையாற்றியதும் நூற்றுக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன. எழுதியோர் அறிஞர்களல்லர், ஊர்தோறும் தனித்திருந்த ஓய்வு பெற்றோர். 1983இல் இவ்வமைப்புகளை இணைக்கும் அறக்கட்டளை பதிவு பெற்றது.

லாஸ்லெட் வகுத்த கொள்கை எளியது: இங்குக் கற்பிப்போர் கற்பவராகவும் இருத்தல் வேண்டும், கற்போர் கற்பிப்பவராகவும் இருத்தல் வேண்டும். ஊதியம் பெறும் ஆசிரியர் இல்லை. தேர்வில்லை, சான்றிதழ் இல்லை. ஒருவர் இலத்தீன் அறிந்திருந்தால் இலத்தீன் குழுவை நடத்துவார். மறுநாள் தாம் அறியாத நிலவியலைக் கற்க வேறொருவர் வீட்டிற்குச் செல்வார். ஓய்வு பெற்றோர் கூட்டத்திலேயே எல்லாத் துறை வல்லுநரும் இருக்கின்றனரே, வெளியிலிருந்து ஒருவரை அழைப்பானேன் என்பது அவர் வாதம்.

இந்நம்பிக்கை அவருக்கு எங்கிருந்து வந்தது? என் கருத்தில் அவருடைய ஆய்வுப்பணியே அதற்கு விடை தருகிறது. 1981இல்தான் கேம்பிரிட்ஜ் குழுவைச் சேர்ந்த ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் 1541 முதல் 1871 வரையிலான இங்கிலாந்தின் மக்கள்தொகை வரலாற்றைப் பெருநூலாக வெளியிட்டனர். அந்நூலின் அடித்தளம் 404 பங்குகளின் தேவாலயப் பதிவேடுகள். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் என ஒவ்வொரு பதிவையும் மாதவாரியாக எண்ணிக் கணக்கிட்டவர்களுள் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தார் அல்லர். உள்ளூர் வரலாற்றில் ஈடுபாடு கொண்ட தன்னார்வலர்கள். ஊதியமின்றி, பட்டமின்றி, மங்கிய கையெழுத்துகளைக் கண் வருந்தப் படித்து அவர்கள் திரட்டிய எண்களின் மீதுதான் அப்புகழ்பெற்ற ஆராய்ச்சி நிற்கிறது. பட்டம் பெறாதார் பேராய்வுக்குத் துணையாதலைக் கண்ணாரக் கண்ட குழுவின் நிறுவனர், முதியோர் ஆராயவும் வல்லர் என்று கொண்டதில் வியப்பில்லை.

'பல்கலைக்கழகம்' என்னும் சொல்லும் இங்குப் புதுப்பொருள் பெற்றது. அன்று, பழம்பொருளுக்குத் திரும்பியது. இலத்தீன் மூலச்சொல் இடைக்காலத்தில் கட்டடத்தையோ பட்டத்தையோ குறித்ததன்று. ஒரு நோக்கோடு கூடியோரின் குழுமத்தையே குறித்தது. நம் மொழியிலும் 'கழகம்' என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. சூது அதிகாரத்தில் வள்ளுவர் அதனைச் சூதாடுமிடம் என்னும் பொருளில் ஆள்கிறார். கம்பர் காலத்திலோ கலை பயிலுமிடத்தையும் அது குறித்தது. இரண்டிலும் மாறாதிருப்பது கூடுதல் என்னும் கருத்தே.

நான்கு பருவங்கள்

1989இல் லாஸ்லெட் தம் கொள்கையை ஒரு நூலாக விரித்துரைத்தார். வாழ்க்கையின் புதிய வரைபடம் என்பது அதன் பொருள். பிறரைச் சார்ந்து கற்கும் பருவம் முதலாவது; உழைத்துப் பொருளீட்டிப் பொறுப்புகளைச் சுமக்கும் பருவம் இரண்டாவது; தன்னை நிறைவு செய்துகொள்ளும் பருவம் மூன்றாவது; மீண்டும் பிறரைச் சார்ந்து முடிவை நோக்கும் பருவம் நான்காவது. மூன்றாவதே வாழ்வின் முடி என்றார் அவர். இப்பருவங்களைப் பிறந்தநாள் பிரிப்பதில்லை என்பதும் அவர் கருத்து. கலைஞன் ஒருவன் பொருளீட்டும் பருவத்திலேயே மூன்றாம் பருவத்தையும் வாழக்கூடும்.

மூன்றாம் பருவம் தனிமனிதர் பேறு மட்டுமன்று. சமுதாயத்தின் பேறும் ஆகும் என்று அவர் வற்புறுத்தினார். 25 வயதினர் 70ஐ எய்தும் வாய்ப்புப் பாதிக்கு மேற்பட்ட சமுதாயத்தில்தான் இப்பருவம் உண்மையில் தோன்றுகிறது என்று மக்கள்தொகை அறிஞருக்கே உரிய முறையில் அளவுகோலும் வகுத்தார்.

பரவலும் வளர்ச்சியும்

ஆங்கில வடிவம் 1984இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலும் 1989இல் நியூசிலாந்தின் ஆக்லாந்திலும் வேர்விட்டது. சீனம் தனக்கெனத் தனிவழி கண்டது. 1983இல் ஷாண்டோங் மாநிலத்தில் முதல் முதியோர் பல்கலைக்கழகம் தோன்றிற்று; ஓய்வு பெற்ற அரசு, கட்சி ஊழியர்களுக்கெனத் தொடங்கிய இம்முறை பின்னர்ப் பொதுமக்களுக்கும் விரிந்தது. தமிழர் வாழும் சிங்கப்பூரில் 50 வயதைக் கடந்தோருக்கெனத் தேசிய வெள்ளிக் கல்விக்கழகம் 2016இல் நிறுவப்பட்டது. பிரான்சிலோ முதுமையைச் சுட்டும் பெயரை விடுத்து 'ஓய்வுநேரப் பல்கலைக்கழகம்' என்று பல அமைப்புகள் பெயர் மாற்றிக்கொண்டன.

பிரிட்டனில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கிளைகளில் ஏறத்தாழ 4 லட்சம் உறுப்பினர் சேர்ந்தனர். 2020இல் பெருந்தொற்று பரவியபோது கூட்டங்கள் நின்றன. உறுப்பினர் தொகையும் குறைந்தது. பல குழுக்கள் கணினித்திரை வழியே கூடக் கற்றுக்கொண்டன. எண்பது வயதினர் எண்பது வயதினருக்கு அத்திரையை இயக்கக் கற்றுக்கொடுத்தனர் என்பது லாஸ்லெட்டின் கொள்கைக்குக் கிடைத்த எதிர்பாராத சான்று எனலாம்.

வரைபடத்தில் விடுபட்டோர்

இவ்வியக்கத்தைப் புகழ்வதோடு நின்றுவிடல் ஆராய்ச்சியாகாது. இதன்பால் மூன்று குறைகள் புலப்படுகின்றன.

முதலாவது, மூன்றாம் பருவத்தின் பெருமை நான்காம் பருவத்தின் இழிவாக முடியும் இடர். நலமுடையோர் கற்கின்றனர், தளர்ந்தோர் எண்ணிக்கையிலிருந்தே நீங்குகின்றனர். படுக்கையில் கிடப்பவருக்கும் ஒரு பாட்டின் பொருளை அறியும் ஆவல் இருக்கலாம் என்பதை இவ்வரைபடம் போதிய அளவு எண்ணவில்லை.

இரண்டாவது, மூன்றாம் பருவம் முதற் பருவத்தை முன்னரே பெற்றவருக்குரியது. பள்ளிக்கே செல்லாத ஒருவருக்கு இலத்தீன் குழுவால் யாது பயன்? நம் நாட்டில் இவ்வினா பெரிது. 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் 15 முதல் 35 வயது வரையுள்ளோரையே தன் இலக்காகக் கொண்டது. நாட்டின் வளர்ச்சிக்கு உழைக்கும் வயதினரே முதன்மையர் என்பது அதன் கணக்கு. அக்கணக்கில் அறுபது வயதுக் கிழவிக்கு இடமில்லை. 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதைக் கடந்த அனைவரையும் இலக்காகக் கொண்டது. இதற்கிடையே முதியோர் தாமே வழிகண்டனர். மகாராஷ்டிர மாநிலத்தின் தானே மாவட்டத்துப் பாங்கணே என்னும் சிற்றூரில் 2016 மார்ச் 8ஆம் நாள் பாட்டிமார் பள்ளி ஒன்று தொடங்கியது. இளஞ்சிவப்புச் சேலை சீருடையாக, தோளில் பையுடன் அவர்கள் எழுத்துக் கற்கச் சென்றனர். கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயனி அம்மா 2018இல் தம் 96ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வெழுதி 100க்கு 98 மதிப்பெண் பெற்றார். 2020இல் நடுவணரசின் மகளிர் ஆற்றல் விருதைப் பெற்றார். 2023இல் 101ஆம் வயதில் மறைந்தார். இவர்களுக்கு முதற் பருவமே மூன்றாம் பருவத்தில் வாய்த்தது.

மூன்றாவது, பெண்களைப் பற்றியது. பணி ஓய்வை எல்லையாகக் கொண்ட வரைபடம் ஊதியப் பணியை அடிப்படையாகக் கொண்டது. அடுப்படிக்கு ஓய்வூதிய வயது எங்கே உள்ளது? பிரிட்டனின் மூன்றாம் பருவக் குழுக்களில் பெரும்பான்மையோர் மகளிரே என்பது உண்மை. ஆயினும் நம் நாட்டில் கணவன் ஓய்வு பெற்ற நாள், மனைவிக்கு நண்பகல் உணவும் கூடுதலாகச் சேரும் நாளாகவே அமைகிறது. பின்னர்ப் பேரக்குழந்தைகள்.

நம் இலக்கணமும் இதில் கைகொடுக்கவில்லை. பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழாக வகுத்தன. உலா பாடிய புலவர் அனைவரும் அவ்வரிசையைப் போற்றினர். ஏழாவதாகிய பேரிளம்பெண்ணுக்கு வயதெல்லை 40. அதற்குமேல் பெயரில்லை. இவ்விலக்கணத்தை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பிக்கும் யான் அவ்வெல்லையைக் கடந்துவிட்டேன். கரும்பலகையில் ஏழு பெயர்களையும் எழுதிவிட்டு நிற்கும்போது, எட்டாவது இடம் வெறுமையாக இருப்பதை இப்போதெல்லாம் என்னால் காணாதிருக்க இயலவில்லை.

தாழ்வாரத்தில் கண்டது

இங்கு என் சொந்தக் குறை ஒன்றைக் கூறுதல் வேண்டும். என் தாயார் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். தந்தையார் மறைந்தபின், எழுபதை நெருங்கிய வயதில், வீட்டிலிருந்த கம்பராமாயணத்தைத் தாமே எடுத்து எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார். ஒருநாள் ஒரு பாடலைக் காட்டிப் பொருள் கேட்டார். யான் விடைத்தாள் கட்டுகளின் நடுவே அமர்ந்திருந்தேன். பிறகு சொல்கிறேன் என்றேன். "உனக்கு எப்ப ஒழியுதோ அப்பச் சொன்னாப் போதும்மா" என்றார். கேட்பதை அவர் நிறுத்தவில்லை; யான் ஒத்திப்போடுவதையும் நிறுத்தவில்லை. சில திங்கள்களில் கேட்பது தானே நின்றுவிட்டது. கம்பனைக் கற்பிப்பதற்கு ஊதியம் பெறும் ஒருத்தியின் வீட்டில் இது நடந்தது.

பின்னொருநாள் பிற்பகலில் கல்லூரியினின்று முன்னதாகவே திரும்பினேன். எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் ஐந்து பெண்மணிகள் அமர்ந்திருந்தனர். ஒருவர் ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. அவர் பாடலைப் பிரித்துப் படித்தார். என் தாயார் கதைத் தொடர்ச்சியைக் கூறினார். எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் இராமன் காடேகும் செய்தியைத் தம் ஊர் ஒப்பாரி மெட்டில் வேறு சொற்களால் பாடினார். ஆசிரியை அதனைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கற்பித்தவர் யார், கற்றவர் யார் என்று பிரிக்க இயலவில்லை. கேம்பிரிட்ஜில் 1981இல் வகுத்த கொள்கையை அவர்கள் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். யான் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் அமர்ந்தேன். என் தாயார் என்னைப் பார்த்தார். பாட்டு முடியும் வரை ஒன்றும் சொல்லவில்லை. முடிந்தபின், "வா, நீயும் கேளு" என்றார். பொருள் சொல்லச் சொல்லவில்லை, கேட்கச் சொன்னார்.

அவ்வேறுபாட்டை உணர எனக்குச் சில நாள்கள் ஆயின. முதியோர்க்குக் கல்வி என்றவுடன் யான் எண்ணியது, அவர்க்கு யான் கற்பிப்பதையே. அது துலூஸ் நகரத்து முறை. தாழ்வாரத்தில் நிகழ்ந்தது வேறு. அங்கு யான் கற்பிக்க வேண்டியதில்லை, சேர வேண்டியதுதான்.

நிறைவாக

நம் இலக்கிய வட்டம் பல்கலைக்கழகம் நிறுவியதன்று. அரசு நிறுவியதும் அன்று. உறுப்பினர் ஒருவர்க்கொருவர் கற்பித்தே பத்தாண்டுகள் நடந்திருக்கிறோம். மரபுக்கவிஞர் யாப்பைச் சொல்லித்தந்தனர். புதுக்கவிஞர் அதனை மீறும் துணிவைச் சொல்லித்தந்தனர். ஆகவே அடிப்படையில் நாம் லாஸ்லெட் கூறிய கழகமே. நம்மிடம் இல்லாதது முதியோரைக் கற்போராகக் காணும் கண் மட்டுமே.

பதினோராம் ஆண்டிற்கு யான் முன்வைக்கும் வேண்டுகோள் சிறியது. திங்களுக்கொரு முறை, மாலைக் கூட்டத்திற்கு அப்பால், பிற்பகல் மூன்று மணிக்கு ஓர் அமர்வு வைப்போம். வீட்டுப் பெண்டிர்க்குச் சற்றே ஒழிவது அந்நேரமே. மேடை வேண்டா, நாற்காலிகளை வட்டமாக இடுவோம். தலைவர் வேண்டா, பொன்னாடை வேண்டா. வருவோர் ஒவ்வொருவரும் தாம் அறிந்த ஒன்றையும் அறிய விரும்பும் ஒன்றையும் கூறட்டும். அதிலிருந்தே பாடத்திட்டம் பிறக்கும். எழுத்தறியாதார் வந்தால் அவர்தம் பாட்டும் பழமொழியும் ஏட்டில் ஏறட்டும். அவர் விரும்பினால் எழுத்தும் கற்கட்டும். வர இயலாது படுக்கையில் இருக்கும் நம் மூத்த உறுப்பினர் இருவர் இல்லங்களுக்கு அவ்வட்டமே செல்லட்டும்.

பொன்னாடை போர்த்துதல், நீங்கள் முடித்துவிட்டீர்கள் என்று கூறுவதாகும். அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுதல், நீங்கள் தொடருங்கள் என்று கூறுவதாகும். முதல் அமர்வுக்கு என் தாயாரை அழைத்துள்ளேன். ஒப்பாரி பாடிய மூதாட்டியையும் அழைத்து வருவதாக அவர் கூறியுள்ளார். நண்பர்கள் தத்தம் வீடுகளில் யாரை அழைப்பது என்று எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன்.